வீட்டு மின்கம்பி அளவும் பியூசும்: விருதுநகர் வட்டார வரலாறு

வீட்டுப் பிளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பியின் தடிமனும், அந்தக் கம்பியைக் காக்கும் பியூஸ் அல்லது எம்சிபியின் அளவும் ஒன்றையொன்று சார்ந்தவை. பிளக்கில் இணைக்கும் கருவிகள் இழுக்கும் மின்னோட்டத்தை விடக் காப்புக் கருவியின் அளவு குறையக் கூடாது. காப்புக் கருவியின் அளவை விடக் கம்பி தாங்கும் அளவு குறையக் கூடாது. தமிழ்நாட்டு வீடுகளில் கருவிகள் பெருகிய வேகத்தில் சுவருக்குள் இருந்த கம்பி மாறவில்லை. காகிதமும் தீக்குச்சியும் வீட்டுக்குள்ளேயே புழங்கிய சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் இந்த இடைவெளி கூடுதல் ஆபத்தானது.

தொடக்க காலம்

1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் தென் மாவட்டங்களின் மின்வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது. 1956-இல் இந்திய மின்சார விதிகள் வெளிவந்தன. 1957-இல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. 1985-இல் தனி மாவட்டமான விருதுநகர், அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி.

அக்கால வீடுகளில் மரக் கேசிங்கிலோ மரப்பட்டையிலோ ரப்பர் உறையிட்ட கம்பிகள் ஓடின. ஓர் அறைக்கு ஒரு விளக்கு, வீட்டுக்கு ஒன்றிரண்டு பிளக் என்பதே வழக்கம். பிரிட்டிஷ் முறையிலான வட்ட முனைப் பிளக்குகள் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என இருவகையில் வந்தன. பெரியதை மக்கள் ‘பவர் பிளக்’ என்றனர். இன்று இவை 6, 16 ஆம்பியர் எனக் குறிக்கப்படுகின்றன.

1/18, 3/20, 7/20

மெட்ரிக் முறைக்கு முன் கம்பிகள் இழை எண்ணிக்கையாலும் கேஜ் எண்ணாலும் அழைக்கப்பட்டன. 3/20 என்றால் 20 கேஜ் இழை மூன்று. கேஜ் எண் கூடக்கூட இழை மெலியும். பரப்பளவில் 1/18 ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ., 3/20 ஏறத்தாழ 2 சதுர மி.மீ., 7/20 ஏறத்தாழ 4.6 சதுர மி.மீ. கடைகளில் 1.5, 2.5, 4 சதுர மி.மீ. கம்பிகள் வந்த பிறகும் பழைய எண்கள் எலெக்ட்ரீஷியன்களின் பேச்சில் நீடித்தன. செம்புத் தட்டுப்பாட்டால் ஒரு காலத்தில் அலுமினியக் கம்பிகளும் வீடுகளில் பயன்பட்டன. அவற்றின் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடாவது பெரும் குறையாக இருந்தது.

பியூஸ் கட்டை

பீங்கான் பியூஸ் கட்டையில் ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி கட்டப்படும். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தடிமன் போதும். ‘அடிக்கடி பியூஸ் போகிறது’ என்று வயர்த் துண்டிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டுவது பரவலான பழக்கம். 3/20 கம்பியின் ஓர் இழை 0.9 மி.மீ. தடிமன் உள்ளது, பியூசாகக் கட்டினால் அது 30 ஆம்பியருக்கும் மேற்பட்ட அளவுடையது. அதற்குப் பின் முதலில் உருகுவது பியூஸ் அல்ல, சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை.

வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 2000 வாட் ஹீட்டரும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து 230 வோல்ட்டில் ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்குக்கென இழுத்த கம்பியில் இந்தச் சுமையை ஏற்றினால், 5 ஆம்பியரில் உண்டாவதைப் போல ஏறத்தாழ 6 மடங்கு வெப்பம் உண்டாகும்.

சிவகாசிச் சூழல்

1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. பட்டாசு ஆலைகளின் மருந்து அறைகளில் பகல் வெளிச்சத்திலேயே வேலை நடக்கும்; ஒரு தீப்பொறிக்கும் இடமில்லாதபடி அறைகள் இடைவெளி விட்டுக் கட்டப்படும். ஆனால் தீப்பெட்டிக் கூடு ஒட்டும் வேலை வெகுகாலம் வீடுகளில் நடந்தது. ஆலையில் காட்டிய எச்சரிக்கை அங்கே பியூஸ் கட்டை வரை எட்டியதில்லை.

சுமை பெருக்கம்

குடிசைகளுக்கு ஒரு விளக்கு இலவச இணைப்பு வழங்கப்பட்டது. 2006-க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசுத் திட்டங்களில் வந்தன. இவை தனித்தனியே சிறு சுமைகளே. ஆயினும் ஒரே பிளக்கில் பல கருவிகளை மாட்டும் பழக்கம் இவற்றோடு வளர்ந்தது. பின்னர் வந்த இண்டக்சன் அடுப்பு, கீசர், ஏசி ஆகியவை உண்மையான பெருஞ்சுமைகள்.

எம்சிபி

1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற சிறு தானியங்கித் துண்டிப்பானே இன்றைய எம்சிபியின் முன்னோடி. கம்பி கட்டும் பியூஸ் உருக அதன் அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் வேண்டும்; எம்சிபி 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். அதில் தடித்த இழையைக் கட்டவும் இயலாது. எனினும் 16 ஆம்பியர் விழுகிறது என்று 32 ஆம்பியரை மாட்டினால் பழைய தவறே திரும்பும்.

இன்றைய நடைமுறையில் விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும், பவர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியும் 16 ஆம்பியரும், ஏசி, கீசருக்குத் தனித்தனியே 4 சதுர மி.மீ. கம்பியும் 20 ஆம்பியரும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வெயிலில் காயும் மேல்தளக் காங்கிரீட்டில் செல்லும் குழாயிலும், பல கம்பிகள் நெருங்கிய குழாயிலும் கம்பியின் தாங்குதிறன் குறையும். அங்கு ஓர் அளவு தடித்த கம்பி தேவை.

எம்சிபி கம்பியைத்தான் காக்கும். மின்னதிர்ச்சியிலிருந்து மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகள் 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் சுமையுள்ள வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. பழைய வீட்டில் புதிய எம்சிபி பெட்டி பொருத்துவோர், முதலில் சுவருக்குள் உள்ள கம்பியின் அளவை அறிந்த பிறகே எம்சிபியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.