காதலுக்கு வேர் நட்பே

தெலுக் பங்லிமா காராங்கில் தலைமையாசிரியராகப் பணியாற்றும் என்னிடம், அரிச்சுவடி பயின்ற மாணவர்கள் பின்னாளில் திருமண அழைப்பிதழோடு வருவதுண்டு. "ஐயா, எங்களை வாழ்த்திப் பேசவேண்டும்" என்பர். மேடையேறும் போதெல்லாம் ஒரு வினா என் நெஞ்சில் எழும். மணமாலை வாடிய பின்னும் வாடாத காதல் எதனால் நிலைக்கிறது?

நம் முன்னோர் இதற்கு ஒரு சொல்லிலேயே விடை வைத்தனர். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில், தேவகுலத்தார் படைத்த தலைவி தன் காதலை 'நட்பு' என்றே குறிக்கிறாள். தோழமைக்கும் காதலுக்கும் இடையே சங்கச் சான்றோர் சுவர் எழுப்பவில்லை.

ஆயினும், சொல்லில் இருந்தது வாழ்வில் எளிதாக வாய்த்துவிடவில்லை. பாரதியாரின் இல்லறமே இதற்குச் சான்று. 1897ஆம் ஆண்டில் மணம் நடந்தபோது அவருக்கு வயது 14, செல்லம்மாளுக்கு 7. பெரியோர் முடித்த அம்மணத்தில் தோழமைக்கு இடமேது? பின்னாளில் காங்கிரசு மாநாட்டின் பொருட்டு வடநாடு சென்ற பாரதியார், நிவேதிதா தேவியைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவியதும், இல்லத்துப் பெண்ணுக்குச் சமத்துவம் தராதவர் நாட்டுக்கு எங்ஙனம் விடுதலை தேடுவார் என்று இடித்துரைத்ததும் பாரதியார் வரலாற்றில் வழிவழியாகக் கூறப்படும் செய்தியாகும். பாரதியார் அவரையே குருவாக ஏற்றார்.

1908 முதல் 1918 வரை புதுவையில் வறுமை வாழ்வு. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிடும் கவிஞரோடு குடும்பம் நடத்துதல் எளிதன்று. அவ்வாழ்வினிடையேதான், ஒரே கண்ணனைத் தோழனாகவும் காதலனாகவும் கண்ட 'கண்ணன் பாட்டு' பிறந்தது.

1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். மறு ஆண்டே செல்லம்மாள், 'பாரதி ஆசிரமம்' என்னும் பெயரில் கணவரின் பாடல்களை நூலாக்கி வெளியிட முனைந்தார். 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று உரையாற்றினார். ஏழு வயதில் ஏதுமறியாமல் மணமேடை ஏறிய சிறுமி, கணவரின் இலட்சியத்துக்குக் காவலரானார். நட்பின்றி இது கூடுமோ?

இஃது எனக்கும் பாடமே. மணமான தொடக்கத்தில், சம்பளத்தை மனைவியின் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றிருந்தேன். பள்ளியில் நேர்ந்த தொல்லைகளை நண்பர்களிடம் கூறினேனேயன்றி அவரிடம் கூறவில்லை. "உங்கள் நண்பர்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டார். நான் விடையின்றி நின்றேன். அன்று முதல் மாலைத் தேநீர் வேளை எங்கள் இருவருக்குமே உரியதாயிற்று.

ஆகவே, மணமக்களுக்கு நான் கூறுவது இதுதான். காதலித்து மணந்தவராயினும், பெற்றோர் பார்த்து மணந்தவராயினும், நட்பு தானே வந்துவிடாது. அதை நாள்தோறும் பயிலவேண்டும். ஒருவர் கவலையை மற்றவர் அறியட்டும். தவறு கண்டால் அன்போடு இடித்துரைக்கட்டும். அந்த வேர் ஊன்றிவிட்டால் காதல் என்னும் மரம் காற்றுக்கு அஞ்சாது.