ஏரியில் எழுந்த நகர்

சரித்திரம் என்றதும் கோட்டைகளும் கொத்தளங்களும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். இன்று நான் சொல்லப் போவதோ ஒரு வீடு வாங்கிய கதை. அதிலும் சரித்திரம் உண்டு. அதைப் படிக்கத் தவறியவன், கல்லூரியில் சரித்திரம் கற்பித்து வந்த நானே.

1986ஆம் ஆண்டில் நாங்கள் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். மேற்கு மாம்பலத்தில் சிறு வீடு ஒன்று விலைக்கு வந்தது. ரயில் நிலையம் நடை தூரத்தில். கடைத்தெருவும் பள்ளியும் அருகில். மூலப்பத்திரத்தைப் பார்த்தேன், வில்லங்கச் சான்று பெற்றேன், வழக்கறிஞரிடமும் காட்டினேன். என் தாயார் மட்டும் வாசலில் நின்று, "மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டார். தரகர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று சொல்ல இப்போது நாணுகிறேன்.

அவர் கேள்விக்கு விடை சென்னையின் பழைய வரைபடங்களில் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. அதன் நீளத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதற்கு 'லாங் டாங்க்' என்றே பெயரிட்டனர். இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோடு அதன் கீழ்க்கரையை ஒட்டிச் சென்றது.

ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நெருக்கடியால் திணறின. 1921இல் சுமார் 5,27,000 ஆக இருந்த ஜனத்தொகை, 1951இல் 14 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றால் அந்த வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சியின் ஆட்சியில், 1923 முதல், ஏரியை வற்றச் செய்து மனைகள் வகுக்கலாயினர். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் பிறந்தது. நடுவே பனகல் பூங்கா. அதனைச் சுற்றி உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, ஜி. என். செட்டி சாலை என அக்கட்சித் தலைவர்களின் பெயர்களைத் தாங்கிய அகன்ற வீதிகள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கவே, மாம்பலத்தில் குடியிருந்து கோட்டையில் வேலை பார்ப்பது எளிதாயிற்று.

அத்திட்டத்தை வகுத்தவர்களை நான் குறை கூறேன். மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. பாசன ஏரிக்கோ வயல்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் ஏரி மறைந்தாலும் நிலத்தின் சரிவு மறைவதில்லையே! மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் பழைய இடத்தைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கிழக்கே வகுத்த ஒழுங்கும் மேற்கே வாய்க்கவில்லை. மேற்கு மாம்பலம் தாழ்ந்த நிலம். ஒரு காலத்தில் அதன் கொசுக்களும் யானைக்கால் நோயும் ஊரறிந்தவை. அங்கே ஒரு சாலைக்கு இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று பெயர். எத்தனையோ ஆண்டுகள் அதன் வழியே நடந்தேன். எந்த ஏரியைப் பார்க்கும் சாலை என்று ஒருநாளும் கேட்டேனில்லை!

2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் புகுந்தது. முப்பது ஆண்டுகளாக எழுதி வைத்த பாடக்குறிப்புகள் கூழாயின. தாயார் அப்போது இல்லை; அவருடைய கேள்வி மட்டும் இருந்தது.

அதன் பிறகுதான் ஊர்ப்பெயர்களைக் கவனித்துப் படிக்கத் தொடங்கினேன். வேப்பேரியில் ஏரி ஒளிந்திருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களில் உள்ள 'தாங்கல்' சிறு ஏரியைக் குறிக்கும் சொல். அப்பெயர் கொண்ட ஊர் முழுவதும் பள்ளம் என்று கருதிவிடக் கூடாது. எந்தத் தெரு கரை, எந்தத் தெரு படுகை என்று விசாரிக்க வேண்டும், அவ்வளவே.

சென்ற மாதம் என் மகன் வீடு பார்க்க என்னையும் அழைத்துச் சென்றான். அவன் கையில் பத்திரங்களின் நகல். என் கையில் பழைய வரைபடத்தின் நகல். தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியை அணுகி, "மழைக்காலத்தில் இங்கே எப்படியம்மா?" என்று கேட்டேன். அவர் பூத்தொடுப்பதை நிறுத்தாமல், எதிர்ச்சுவரில் இடுப்பளவில் ஓடிய பழுப்புக் கறையை முகத்தாலேயே சுட்டிக் காட்டினார். நாங்கள் அடுத்த தெருவுக்குச் சென்றோம்.