கோயில் சரிந்த கணக்கு

கேமராவை மோட்டாரில் ஓட்டி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வித்தை 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில்தான் பிறந்தது என்று பேரன் வயதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஜான் டைக்ஸ்ட்ரா குழுவினர் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் நம் வயதுக்காரர்கள் மறுவெளியீட்டிலாவது பார்த்திருக்கும் 'சாம்சன் அண்ட் டிலைலா' (1949) அதற்கு ரொம்ப மூத்தது. செசில் பி. டிமில் எடுத்த படம். விக்டர் மெச்சூர் தூண்களைத் தள்ள, தாகோன் கோயில் இடிந்து விழுமே, அந்தக் காட்சியைத்தான் சொல்கிறேன்.

கோயிலின் அடிப்பகுதியை மட்டும் முழு அளவில் கட்டினார்கள். தனியாக 37 அடி உயரத்தில் ஒரு மாதிரிக் கோயில். அதில் சிலை மட்டும் 17 அடி! இரண்டு படத்தையும் ஒன்றாக ஒட்ட வேண்டும். கேமரா அசையாமல் நின்றால் கவலையில்லை. அசைந்தால் இரண்டு இடத்திலும் அதே அசைவு வேண்டுமே? அதற்கென்றே பாரமவுண்ட் ஸ்டூடியோவில் ஒரு கருவி செய்தார்கள். தந்திரக் காட்சிகளுக்குத் தலைவர் கார்டன் ஜென்னிங்ஸ்.

பிரெஞ்சில் ஏணிக்கும் வரைபட அளவுக்கும் 'எஷெல்' என்று ஒரே சொல். ஆபீசில் நிலப்படங்களைப் புரட்டியே காலம் போன எனக்கு இந்த இடம் சட்டென்று பிடிபட்டது. படத்தில் நீளம் சுருங்கும்; மூலைக் கோணம் சுருங்காது. கணக்குக்காக, மாதிரி ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே கேமரா 9 அடி நகர்ந்தால் இங்கே 1 அடி. அங்கே 20 டிகிரி திரும்பினால் இங்கேயும் அதே 20 டிகிரி.

சங்கடம் நேரத்தில்தான். 144 அடி உயரத்திலிருந்து கல் விழ 3 விநாடி ஆகும். மாதிரியில் அது 16 அடி. 1 விநாடியில் விழுந்துவிடும். அப்படியே காட்டினால் பொம்மை என்று குழந்தைகூடச் சொல்லும். ஆகவே விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் 72 படம் எடுக்க வேண்டும். அப்போது கேமராவும் தன் பாதையை மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும். விண்கலப் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. கல் விழாது, தூசி பறக்காது, எவ்வளவு மெதுவாகவும் எடுக்கலாம்.

வெவ்வேறு கோணங்களுக்காக மாதிரிக் கோயிலை மூன்று முறை இடித்தார்களாம். ஆஸ்கருக்குப் பரிந்துரை வந்தது. பரிசு 'டெஸ்டினேஷன் மூன்' படத்துக்குப் போயிற்று. ஜென்னிங்ஸ் 1953-இல் காலமானார், 'ஸ்டார் வார்ஸ்' வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்.