மிளகுத் தண்ணீரும் கோழிச் சாறும்

சென்ற மார்கழியில், டில்லியின் பனிமூட்டம் நம் காலனியைப் போர்த்தியிருந்த ஒரு மாலை, ஊரிலிருந்து வந்த உறவினரை உபசரிக்கும்பொருட்டு ஓர் ஓட்டலுக்குச் சென்றிருந்தோம். உணவுப் பட்டியலைப் படித்த நம் இளைய மகன், "மல்லிகடானி எந்த நாட்டு சூப், அப்பா?" என்று வினவினான். "ஆங்கிலேயருடையது" என்று யோசியாமல் கூறிவிட்டோம். வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகே நம் அறியாமைக்கு நாணினோம்.

அச்சொல் நம்முடைய 'மிளகுத் தண்ணி'யே. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதனை ஐயமறக் கூறுகிறது. அந்நூலாசிரியர் இருவருள் ஒருவரான பர்னல் தஞ்சையில் நீதிபதியாயிருந்தவர். தமிழர் வீட்டு அடுப்பின் மணத்தை அறியாதவரல்லர். ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவர் பாடிய, 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த பாடலொன்றையும் அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. பெங்களூர்ச் சிறையில் தமக்கு வாய்த்தவை கஞ்சியும் மிளகுத் தண்ணீருமே என்று அதில் அவர் அங்கலாய்க்கிறார். அன்று சிறைச்சோறு! பின்னர் அதுவே துரைமார் மேசையில் முதற் பண்டமாய் அமர்ந்தது. சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு 'மல்' என்று பட்டப்பெயரே உண்டாயிற்று. கேலிப் பெயராயினும், நமக்கென்னவோ அது சுவையாகவே இருக்கிறது.

எனினும், இந்தச் சூப் முழுவதும் நமதே என்று மார்தட்டுதல் நேர்மையாகாது. 1878இல் 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் சென்னைச் சமையல் பற்றி எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், ஏழை எளியோர் சோற்றில் ஊற்றி உண்ட மிளகு நீரே இதன் மூலம் என்கிறார். கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்த்து, மாவும் வெண்ணெயும் இட்டுக் கெட்டியாக்கியது துரைமாரின் விருப்பம். பெயரும் மிளகும் நம்முடையவை. கிண்ணமும் கரண்டியும் அவர்களுடையவை. இவ்விரண்டையும் இணைத்த சென்னைச் சமையற்காரர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அதுதான் நமக்கு உறுத்துகிறது.

துரைமாருக்கென்று கலவாத கோழிச் சாறு நம் இல்லங்களில் தனியே இருந்துவருகிறது. காய்ச்சல் தணிந்து எழுந்தவருக்கு நம் பாட்டிமார் நாட்டுக்கோழியும் மிளகும் இட்டுக் கொடுத்தது யாவரும் அறிந்ததே. கோழிச் சாற்றை நோயாளிக்கு உகந்ததெனக் கெய்ரோ நகரத்து யூத மருத்துவர் மைமோனிடீஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். இந்த வடபுலத்திலோ இறைச்சிச் சாற்றுக்கு 'யக்னி' என்று பெயர். அக்பர் காலத்து 'ஆயினி அக்பரி'யில் அதன் அளவு முறை காணப்படுகிறது. நாம் இங்குக் குடியேறிய முதற் குளிர்காலத்தில், இருமிக்கொண்டிருந்த நம் மூத்த மகளுக்கு அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கொண்டுவந்து கொடுத்ததும் அதுவே.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ரென்னார்டும் குழுவினரும், கோழி சூப் சிலவகை வெள்ளையணுக்களின் நகர்வை மட்டுப்படுத்துவதாகக் கண்டனர். அது சோதனைக்கூடத்தில் கண்டது, நோயாளிகளிடத்தில் அன்று. எனவே இது சளிக்கு மருந்து என்று கூறத் துணியோம். வெந்நீரும் உப்பும் சிறிது புரதமும், கசந்துபோன நாவுக்கு ருசியும் கிடைக்கின்றன; அதுவே போதும்.

செய்முறையையும் கூறிவிடுவோம். எலும்புடன் கூடிய நாட்டுக்கோழி அரைக் கிலோவைக் குளிர்ந்த நீர் 6 தம்ளரில் இட்டு அடுப்பேற்றுக. முதற் கொதியில் எழும் நுரையை அகற்றியபின், தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு, இஞ்சி, சிறிது மஞ்சள் சேர்த்து, நீர் 4 தம்ளராகும் வரை இளந்தீயில் வைத்திடுக. அவசரம் கூடாது; கொதி பொங்கினால் சாறு கலங்கிவிடும். மிளகும் சீரகமும் வகைக்கு ஒரு தேக்கரண்டி எடுத்து, பொடியாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து இறுதியிற் சேர்த்தாலன்றி மணம் நில்லாது. உப்பும் அப்போதே. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, நல்லெண்ணெயிற் பொரித்த கறிவேப்பிலையைத் தூவுக. மாவும் வெண்ணெயும் வேண்டா. புலால் உண்ணா இல்லத்தார் கோழியை விடுத்துப் பருப்பு நீரில் செய்யலாம். ஆதி மிளகுத் தண்ணீருக்கு அதுவே நெருங்கிய உறவு.

இந்தக் குளிரிலும் அடுத்த வீட்டுக்கு ஒரு தம்ளர் அனுப்பினோம். இது யக்னியா என்று அம்மையார் கேட்டாராம். "இல்லை ஆன்ட்டி, மிளகுத் தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தான் நம் இளையவன்.