இரணைமடுப் படிவு

வன்னியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஏட்டிலிருந்தே தொடங்கினர். வையாபாடல் வன்னியரின் வருகையைப் பாடுகிறது, 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வெளியிட்ட வன்னிக் கையேடு அக்காலத்துக் குளங்களையும் கிராமங்களையும் வருணிக்கிறது. ஆயினும், இவை எட்டமுடியாத புராதன காலத்தைத் தன்னுள் அடக்கி, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளத்தின் சூழலில் கிரவலும் செம்மணலுமாய்க் கிடக்கும் இரணைமடுப் பூமி, இலங்கையின் ஆதிமனித சரித்திரத்துக்கே ஓர் அளவுகோலாகத் தன் பெயரை வழங்கியிருப்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

பூகர்ப்ப சாஸ்திரிகள் 'இரணைமடுப் படிவு' என்று குறிப்பது இரண்டு அடுக்குகள் கொண்டது. அடியில் நீர் கொணர்ந்து சேர்த்த கிரவல். அதன்மேல் கடலோரக் காற்றுக் குவித்த மணல், காலாந்தரத்தில் இரும்புச்சத்தினால் சிவந்து இறுகியது. இதே அமைப்பு தென்கோடியில் அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பூந்தலையிலும் உண்டு. அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் சிரான் தெரணியகல, அயலிலுள்ள பத்திராஜவெலக் கிரவலிற் கிடைத்த கற்கருவிகளைச் சுமார் 1,25,000 ஆண்டுப் பழமையுடையன என்றும், பூந்தலை மணலில் அகப்பட்ட நுண்கற்கருவிகளைச் சுமார் 28,000 ஆண்டுக்கு முற்பட்டவை என்றும் மதிப்பிட்டு, 1992இல் வெளியான தம் பெருநூலில் விளக்கினார்.

கல்லுக்கு வயது சொல்வது அக்கல் அன்று, அது கிடந்த அடுக்கே. ஆதலின் அகழாய்வாளர் குழியின் சுவரைச் சாந்தகப்பையால் செங்குத்தாகச் செதுக்கி, நீர்மட்டம் பார்த்துக் கயிறு கட்டி, அக்கயிற்றிலிருந்து ஒவ்வோர் அடுக்கின் எல்லையும் எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் வளைந்து செல்கிறது என்று அளந்து, பத்திலொன்றாகவோ இருபதிலொன்றாகவோ சுருக்கிக் கட்டத்தாளில் வரைந்துகொள்வர். மண்ணைச் சற்று நனைத்து, மன்செல் நிற அட்டவணையோடு ஒப்பிட்டு நிறத்தை இலக்கத்தாற் குறிப்பர். விரலிடையே தேய்த்து மணலோ களியோ என்று தேர்வர். மணற்றுகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்பதை வெப்ப ஒளிர்வு முறையாற் கணிப்பதாயின், ஒளிபுகாத குழாயொன்றைச் சுவரில் அறைந்து இறக்கி, வெளிச்சம் படாமலே மாதிரியை எடுத்தல் வேண்டும். ஒரு கணம் வெயில் பட்டாலும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் துகளிற் சேர்ந்த கணக்கு அழியத் தொடங்கிவிடும்.

கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் பிரமாணம் எளிதெனத் தோன்றினும், பிரயோகத்தில் அது சிக்கலானது. தளர்ந்த மணலில் கற்கருவி தானாகவே கீழிறங்கும். கறையானும் எலியும் மண்ணை மேலுங் கீழுமாகப் புரட்டும். வேரோடு சாய்ந்த பாலைமரம் பெருங்குழியொன்றையே விட்டுச்செல்லும். பிற்காலத்தார் வெட்டிய குழி முற்காலத்து அடுக்கை ஊடறுக்கும். எது எதனை வெட்டியது, எது எதன்மேற் படிந்தது என்ற இச்சம்பந்தங்களை வம்சாவளிபோல் ஒரே படத்தில் அமைக்கும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தபின்னரே, ஆய்வாளரின் நினைவிலிருந்த அனுமானங்கள் பிறரும் பரிசோதிக்கத்தக்க சாட்சியமாயின.

அகழ்ந்த அடுக்கு மீண்டும் வாராது. எஞ்சுவது பதிவு மாத்திரமே. வன்னியின் மேற்கு அயலிலே, திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறைமுக மேட்டில் 1980 முதல் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வு, போர் மூண்டதால் 1984இல் நின்றுபோயிற்று. சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மட்பாண்டங்கள் கிடைத்த அவ்விடத்தில் நெடுங்காலம் எவரும் மண்வெட்டியெடுக்க இயலாதிருந்தும், வரைபடங்களும் குறிப்பேடுகளும் தப்பியிருந்தமையால் அவ்வாய்வின் முழு அறிக்கை 2013இல் நூலாக வெளிவந்தது.

வன்னியில் கிரவல் இன்று வீதிகளுக்கு வேண்டிய பொருள். அதனை அகழ்வோர் ஆதிமனிதக் கருவிகள் கிடக்கக்கூடிய அதே அடுக்கைத்தான் லொறியில் ஏற்றுகிறார்கள். வீதி வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் வெட்டுமுன் ஒருநாள் குழிச்சுவரைச் செதுக்கி, அளந்து, வரைந்து, நிறமும் ஆழமும் குறித்து வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வன்னிக்கு ஏடுகள் சிலவே வாய்த்தமையால், இந்த ஒருநாள் வேலை பிறவிடங்களைக் காட்டிலும் இங்கே அதிகம் அவசியமாகிறது.