பரிசு இல்லாத ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் நிதி திரட்டும் ஓட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மாதிரி டி-ஷர்ட், நெஞ்சில் குத்திய நம்பர். கூட்டத்தின் வாலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாக ஒரு வாண்டு வரும். அதற்கும் எல்லோரும் கை தட்டுவார்கள். இப்படிப்பட்ட ஓட்டத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு ஒரு கனடா இளைஞருக்கு உண்டு. பெயர் டெர்ரி ஃபாக்ஸ்.

1958இல் பிறந்தவர். 1977இல் எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. மருத்துவமனையில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் வேதனையைப் பார்த்தவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் குறுக்கே ஓடுவது என்று முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்பினார். ஒரு நாளைக்குச் சுமார் 42 கி.மீ. வேலப்பன்சாவடியில் கிளம்பி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வந்தாலும் அந்தத் தூரம் வராது!

பணம் சேர்ந்த விதமும் சுவாரசியமானது. போர்ட்-ஓ-பாஸ்க் என்ற ஊரில் மக்கள் தொகை சுமார் 10,000. அந்த ஊர் கொடுத்தது 10,000 டாலர். அதாவது தலைக்கு ஒரு டாலர். பிறகு டெர்ரியின் இலக்கும் அதுவே ஆனது: கனடாவில் இருக்கும் 2.4 கோடிப் பேரிடமும் ஆளுக்கு ஒரு டாலர்.

ஆகஸ்ட் கடைசியில் டெரஸ் பே என்ற ஊர்ப் பக்கம் கிரெக் ஸ்காட் என்ற 10 வயதுப் பையன் அவரைத் தேடி வந்தான். அவனுக்கும் அதே நோய், அவனுக்கும் ஒரு கால் இல்லை. டெர்ரி ஓட, அவன் சுமார் 10 கி.மீ. தூரம் பின்னாலேயே சைக்கிள் மிதித்து வந்தான். பிறகு இரண்டு பேரும் ஏரியில் நீந்தினார்கள். அந்தப் பையனைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேசும்போது டெர்ரி அழுதுவிட்டார்.

சில நாட்களில், செப்டம்பர் 1 அன்று, ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடியிருந்தார். 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. ஜூன் 28 அன்று டெர்ரி இறந்தார். வயது 22.

ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல் அதிபர் இசடோர் ஷார்ப், 1978இல் தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டெர்ரியின் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்துவதாக அவர்தான் வாக்குக் கொடுத்தார். 1981 செப்டம்பர் 13 அன்று நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள், 35 லட்சம் டாலர் சேர்ந்தது. அதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. டெர்ரி விரும்பியது அப்படித்தான். நடக்கலாம், ஓடலாம், சைக்கிளில் வரலாம். அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் சேர முடிகிறது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

இந்த விதியின் அருமை புரிய ஒடிசாவைப் பார்க்க வேண்டும். 2006 மே மாதம் புதியா சிங் என்ற 4 வயதுப் பையன் பூரியில் இருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கி.மீ. ஓடினான். எடுத்துக்கொண்ட நேரம் 7 மணி 2 நிமிடம். கூடவே பெரியவர்களும் ஓடினார்கள். நாடே சாதனை என்று கொண்டாடியது. கடைசியில் பையன் துவண்டு விழுந்தான். அதன் பிறகு அரசு தலையிட்டு அவனுடைய நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. அங்கே குழந்தை பெரியவர்களின் கணக்குக்கு ஓடியது. டெர்ரி பெயரிலான ஓட்டத்தில் பெரியவர் குழந்தையின் வேகத்துக்கு இறங்கி வருகிறார். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

சொந்தத் துக்கத்தைப் பொதுக் காரியமாக மாற்றிய கதை நம் சென்னையிலும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். அந்த வலியில் விதை விழுந்து, நன்கொடை கேட்டுக் கேட்டு, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு பிறந்தது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார்.

அந்தப் படுக்கைகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு நிதி ஓட்டத்துக்குப் போகும்போது வீட்டு வாண்டையும் கூட்டிப் போங்கள். அதன் கையாலேயே உண்டியலில் பத்து ரூபாய் போடச் சொல்லுங்கள். கால் வலித்தால் நில்லுங்கள். அங்கே யாரும் கடிகாரம் பார்க்கப் போவதில்லை.