வாடைக்கு எந்தக் கரை?

தேனிக்குக் கடல் இல்லை. ஆனால் வருசநாட்டு மலையில் பிறந்து, கம்பம் பள்ளத்தாக்கின் சுருளியையும் முல்லையாற்றையும் சேர்த்துக்கொள்ளும் வைகை, ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில், 1986 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானிய மட்கலங்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பாய்மரத்துக்கு மழைக்காலத்தில் எங்கே அடைக்கலம் என்ற கேள்வி நம் ஆற்றின் கடைசியில் பழையது. இங்கே துறையைத் தேர்ந்தெடுத்தது காற்றுதான், கட்டிய சுவரல்ல என்பது என் கருத்து. அருகிலுள்ள ராமேஸ்வரம் தீவைச் சுற்றி இரண்டு கடல்கள்: கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும்; வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ். எனவே பாய்மர வள்ளம் வைத்திருந்தவர்கள் பருவத்துக்கு ஒரு கரை மாறினார்கள். பாயை அவிழ்த்துச் சுருட்டி, வள்ளத்தை உருளைத்தடிகள்மேல் தள்ளி, அலை எட்டாத மணலில் ஏற்றுவதும் உண்டு.

அப்படியானால் வாடைக்கு முகம் காட்டும் வடகடலோரத்தில் அழகன்குளம் எப்படித் துறையானது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆற்றுவாய் தருவது காற்றிலிருந்து விலகிய உள்நீர். திறந்த கரை அதைத் தராது. ஆனால் அடைக்கலத்துக்கும் எல்லை உண்டு. 1964 டிசம்பர் புயலில் ராமேஸ்வரம் தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடியே அழிந்தது. அதுவும் வாடைக்காலம்தான்.